ஓட்ஸ் வந்தால் இட்லி ஓடிப்போகுமா?

(பொங்கல் திருநாள் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: இன்றைய குடும்பத்திற்கு ஏற்ற காலை உணவு பழகிய பலகாரமே! புதுவகைச் சத்துணவே! – 'புதுவகைச் சத்துணவே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். "ஓட்ஸ் குதிரை தின்னுறது, இட்லி மனுஷன் தின்னுறது" என்றார். நீங்களும் பலமாகக் கைதட்டினீங்க. அண்ணே, இந்தக் கிண்டல் உங்க சொந்தக் கிண்டல் இல்லை. 1755-ல் லண்டனில் சாமுவேல் ஜான்சன் என்கிற பெரியவர் ஓர் ஆங்கில அகராதி போட்டார். அதில் ஓட்ஸுக்குப் பொருள் எழுதும்போதே, இங்கிலாந்தில் இது குதிரைக்கு, ஸ்காட்லாந்தில் இது ஆளுக்கு என்கிற மாதிரி ஒரு குத்து குத்திவிட்டுப் போனார். ஸ்காட்லாந்துக்காரன் சும்மா இருப்பானா? "அதனாலதான் உங்க ஊர்ல குதிரை நல்லா இருக்கு, எங்க ஊர்ல மனுஷன் நல்லா இருக்கான்" என்று திருப்பிச் சொன்னதாக ஒரு கதை உண்டு. (சிரிப்பு, கைதட்டல்) ஆக, இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலே பழசான ஜோக்கைச் சொல்லிவிட்டு, பழசே நல்லதுன்னு வாதாடுறார் எங்க அண்ணன். கொள்கையில ரொம்ப உறுதியானவர்! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் இட்லியைக் குறை சொல்ல வரவில்லை. சொன்னால் வீட்டுக்குப் போக முடியாது. இட்லி பெரிய விஞ்ஞானம். அரிசியில் லைசின் என்கிற புரதக்கூறு குறைவு. உளுந்தில் அது தாராளம். உளுந்தில் குறைவாக இருக்கிற இன்னொன்று அரிசியில் இருக்கு. ஒருத்தர் குறையை இன்னொருத்தர் நிரப்புறாங்க. நல்ல புருஷன் பொண்டாட்டி மாதிரி. இரண்டையும் ஊறவைத்து, அரைத்து, புளிக்கவைத்து, ஆவியில் வேகவைத்தாள் பாருங்க, அந்தப் பெயர் தெரியாத பெண்மணிக்கு நான் கையெடுத்துக் கும்பிடுறேன். (கைதட்டல்)

ஆனால், எதிரணியினர் ஒன்றை மறந்துவிட்டார்கள். பழகியது எல்லாமே ஒரு காலத்தில் புதுசுதான். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய்ப்பொடி வைக்கிறோமே, அந்த மிளகாய் நம்ம ஊருதா? 1498-ல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் வந்து இறங்கிய பிறகு, போர்ச்சுக்கீசியர்கள் கப்பலில் கொண்டுவந்தது. தக்காளிச் சட்னி என்கிறோம். தக்காளி அமெரிக்கா. வேர்க்கடலைச் சட்னி என்கிறோம். வேர்க்கடலையின் பூர்வீகம் தென் அமெரிக்கா. உருளைக்கிழங்கு மசால் வைத்து தோசை சுடுகிறோம். அந்தக் கிழங்கும் தென் அமெரிக்கா. நம்ம தட்டில் இத்தனை வெளியூர்க்காரங்க குடியேறி, ரேஷன் கார்டு வாங்கி, ஓட்டுப்போடுற அளவுக்கு வந்துட்டாங்க. கடைசியா வந்த ஓட்ஸைப் பார்த்து மட்டும் "நீ யாரு?"ன்னு கேட்டா எப்படி? (சிரிப்பு, கைதட்டல்)

மாவு அரைக்கிற கதையும் அப்படித்தான். கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் வந்தபோது, "ஆட்டுக்கல் மாவு மாதிரி வராது"ன்னு சொல்லாத வீடு உண்டா? இன்றைக்கு அதே கோயம்புத்தூர் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. 'ஆட்டுக்கல்தான் ருசி'ன்னு சொன்னது யாரு தெரியுமா நடுவர் அவர்களே? ஆட்டாதவங்க! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்க அத்தை, அதாவது என் மாமியார். வயது 69. சர்க்கரை கிடையாது, ரத்தக்கொதிப்பு கிடையாது. "எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன்"ன்னு சொல்றவங்க. போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் ஒரு நாள் விடியற்காலம் வாசல் தெளிச்சுக் கோலம் போட உட்கார்ந்தாங்க. கோலம் முடிஞ்சது. எழுந்திருக்க முடியவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை. கால் தூக்கிவிட மாட்டேங்குது. எங்களைக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கிட்டு, அந்தப் பனியில் கோலத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்காங்க. பால் ஊற்ற வந்த தம்பிதான் கைகொடுத்து எழுப்பிவிட்டு, என்னை வந்து கூப்பிட்டார். வெளியே ஓடி வந்து பார்க்கிறேன். கோலம் ஒரு பக்கம் கலைஞ்சிருக்கு. இரண்டு உள்ளங்கை ஊன்றின அடையாளம் அப்படியே மாவில் இருக்கு. எழுந்திருக்க எத்தனை தடவை முயற்சி பண்ணியிருக்காங்கன்னு அந்தக் கோலம் சொல்லிச்சு.

மருத்துவரிடம் கூட்டிப்போனேன். பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "காலையில் என்ன சாப்பிடுறீங்கம்மா?" அத்தை சொன்னாங்க: "ஒரு டம்ளர் காபி, ரெண்டு ரஸ்க்." "அப்புறம்?" "பசிச்சா பதினோரு மணிக்கு மிஞ்சின இட்லி ஒண்ணோ ரெண்டோ."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வயசாக ஆக உடம்பில் தசை கரையும், அதற்குப் புரதமும் வேண்டும், கொஞ்சம் பயிற்சியும் வேண்டும் என்று விளக்கினார். பெரியவங்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வரையறுத்திருக்கின்றன. முதியவர்களுக்கு 1 கிராம் முதல் 1.2 கிராம் வரை போகலாம் என்பது முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் பலரின் கருத்து. எங்க அத்தை எடை 50 கிலோ. அப்போ நாளுக்கு 50 முதல் 60 கிராம். ஓர் இட்லியில் புரதம் சுமார் 2 கிராம். மிஞ்சின இட்லி ரெண்டுக்கு 4 கிராம். மீதியை எங்கே போய்த் தேடுவது?

எதிரணி அக்கா உடனே கேட்பார்கள். "ஏன், ஆறு இட்லி சாப்பிடச் சொல்லுங்க, சாம்பாரை ஊத்துங்க!" அக்கா, பல் பாதி போன ஒரு பெரியம்மாவை ஆறு இட்லி சாப்பிட வைக்க உங்களால் முடியுமா? நீங்க வந்து சாப்பிட வச்சா, நான் இந்த மேடையிலேயே கட்சி மாறிடுறேன். (சிரிப்பு)

அதனால்தான் புதுவகைச் சத்துணவு எங்கள் வீட்டுக்குள் வந்தது. ஓட்ஸை அவனில் சுட்டு எடுக்கிற ஒரு பலகாரம். அமெரிக்காவில் பல வீடுகளில் காலையில் செய்வது. அதைப் பழத்தோடு, நம்ம கைவாகுக்கு மாற்றிக்கொண்டேன். கணக்கு கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம். ஆண்கள் கட்டாயம் குறித்துக்கொள்ள வேண்டும்! (பெண்கள் பகுதியில் பலத்த கைதட்டல்)

நாலு பேருக்கு அளவு. பட்டையாகத் தட்டின சாதா ஓட்ஸ் 160 கிராம், அதாவது இரண்டு கப். வாசனையும் சர்க்கரையும் சேர்த்துப் பொட்டலத்தில் வருதே, அது வேண்டாம். முட்டை மூன்று. பால் 300 மில்லி. கொழுப்பு நீக்கிய பால் பவுடர் 40 கிராம். கெட்டித் தயிர் 100 கிராம். வறுத்துத் தோல் நீக்கின வேர்க்கடலை 60 கிராம், கரகரப்பாகப் பொடிச்சது. நன்றாகக் கனிந்த வாழைப்பழம் இரண்டு. இன்னொரு பழம் ஏதாவது ஒரு கப், ஆப்பிளோ கொய்யாவோ மாம்பழமோ, அந்தந்தப் பருவத்தில் மலிவா எது கிடைக்குதோ அது. கொய்யான்னா விதையை எடுத்துடுங்க. வெல்லத்தூள் இரண்டு ஸ்பூன், ஏலக்காய் கொஞ்சம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு.

வாழைப்பழத்தை மசித்து, முட்டையை அடித்து, பாலும் தயிரும் பவுடரும் கட்டியில்லாமல் கலந்து, மற்றதை எல்லாம் போட்டு ஒரு கிளறு. வெண்ணெய் தடவின தட்டில் ஊற்றி, மேலே பழத்துண்டைப் பரப்பி, அவனில் 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிஷம். நடுவில் கத்தியைக் குத்தி எடுத்தால் ஈரமாவு ஒட்டக்கூடாது. அவ்வளவுதான்.

அவன் இல்லையா? கவலை வேண்டாம். எங்க வீட்டிலும் முதல் ஆறு மாசம் அவன் இல்லை. பிரஷர் குக்கரில் ரப்பரையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பு பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் பாத்திரத்தை வைத்துச் சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். கேக் சுடுகிறவர்களுக்கு இந்த வித்தை தெரியும். முட்டை சாப்பிடாத வீடா? மூன்று முட்டைக்குப் பதில் 100 கிராம் பனீரை உதிர்த்துப் போடுங்க. கொஞ்சம் இளக்கமாக இருக்கும், புரதம் குறையாது.

இப்போது கூட்டிப் பார்ப்போம். ஓட்ஸில் 21 கிராம் புரதம். முட்டையில் 18. பாலில் 9. பால் பவுடரில் 14. வேர்க்கடலையில் 15. தயிரில் 3. மொத்தம் 80. நாலு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 20 கிராம்! பழத்தில் இருக்கிற துளியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பத்து இட்லிக்கு ஈடு, நடுவர் அவர்களே, பத்து இட்லிக்கு! (கைதட்டல்)

(நடுவர்: "எனக்குப் பத்து இட்லியும் ஒரு பங்காத்தான் தெரியுதும்மா!" – பலத்த சிரிப்பு)

உங்களுக்குத் தெரியும் ஐயா. உங்க சட்டைப் பொத்தானுக்கும் தெரியும்! (சிரிப்பு, கைதட்டல்)

ஓட்ஸில் இன்னொரு குணமும் இருக்கு. பீட்டா குளூக்கன் என்கிற கரையும் நார்ச்சத்து. குடலில் கூழ் மாதிரி ஆகி, பித்தநீரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். ஈரல் என்ன செய்யும்? புதுசாகப் பித்தம் சுரக்க ரத்தத்தில் இருக்கிற கொழுப்பை எடுத்துக்கொள்ளும். இப்படித்தான் கொலஸ்ட்ரால் குறையுது. நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா குளூக்கன் இதயத்துக்கு நல்லது என்று ஓட்ஸ் பெட்டியில் அச்சடித்துக்கொள்ள, 1997-லேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. நான் சொன்ன ஒரு பங்கில் அதில் பாதி வந்துவிடும். அதற்காக ஓட்ஸ் என்ன சஞ்சீவி மூலிகையா? இல்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் அணிக்கு ஒளிவுமறைவு கிடையாது.

வள்ளுவர் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வைத்தார். உள்ளே போய்ப் பாருங்க, பாதிக்கு மேலே சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார். எதைச் சாப்பிடுகிறாய், உன் உடம்புக்கு ஒத்துப்போகுதா, அளவு தெரியுதா என்றுதான் கேட்கிறார். அது உங்க ஊருதா, வெளியூருதா என்று அவர் கேட்கவே இல்லை. (கைதட்டல்)

சரி, செய்து வைத்தேன். அத்தை சாப்பிட்டாங்களா? அதுதானே உங்க கேள்வி? முதல் நாள் தட்டைப் பார்த்தாங்க. "என்னம்மா இது, கொழுக்கட்டையை இடிச்சுத் தேச்சு வச்ச மாதிரி இருக்கு?" (சிரிப்பு) "அத்தை, ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க." "நீங்கள்லாம் முதல்ல சாப்பிடுங்க. நான் அப்புறம் பார்த்துக்கிறேன்."

இந்த வார்த்தை! நடுவர் அவர்களே, இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இன்று இந்த அணியில் நிற்கிறேன். "நீங்கள்லாம் முதல்ல சாப்பிடுங்க, நான் அப்புறம் பார்த்துக்கிறேன்."

எதிரணித் தலைவர் உருகி உருகிப் பேசினார். "அம்மா கல்லிலிருந்து எடுத்துப் போட்ட அந்த முறுகல் தோசை! அந்தச் சூடு! அந்த நெய் வாசம்!" நானும் கண் கலங்கினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன் ஐயா. அந்தத் தோசையை நீங்கள் சூடாகச் சாப்பிட்டீர்கள். உங்க அப்பா சூடாகச் சாப்பிட்டார். உங்க அண்ணன் தம்பி சூடாகச் சாப்பிட்டார்கள். உங்க அம்மா என்றைக்காவது ஒரு நாள் சூடாகச் சாப்பிட்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? (நீண்ட கைதட்டல்)

தோசை ஒவ்வொன்றாகத்தான் வரும். சுடுகிறவள் அடுப்படியிலேதான் நிற்பாள். எல்லோரும் கை கழுவின பிறகு, கடைசி மாவில், அவசரத்தில் ஊற்றின ஒன்றை, நின்றுகொண்டே பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். எங்க அத்தை நாற்பத்தெட்டு வருஷம் அப்படித்தான் சாப்பிட்டாங்க. கேட்டால், "பழகிப்போச்சும்மா"ம்பாங்க. பழகிய பலகாரம் என்று தலைப்பில் போட்டிருக்கிறீர்களே, யாருக்கு என்ன பழகிப்போச்சு என்று யாராவது கேட்டீர்களா? அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு மார்கழிப் பனியில் வாசலில் உட்கார வைத்தது.

இந்த ஓட்ஸ் தட்டைப் பாருங்க. ராத்திரியே கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். காலையில் உள்ளே தள்ளினால், அது பாட்டுக்கு வெந்துகிட்டு இருக்கும். அந்த நேரத்தில் நான் பிள்ளைக்குத் தலைவாரலாம். என் வீட்டுக்காரர் பேப்பர் படிக்கலாம். அவர் எப்படியும் படிப்பார். (சிரிப்பு) வெந்ததும் நாலு பங்கும் ஒரே நேரத்தில் வெளியே வரும். நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்காரலாம். நின்றுகொண்டு பரிமாற ஆள் வேண்டாம். கடைசியில் சாப்பிட ஒரு ஆளும் வேண்டாம்!

இரண்டாம் நாள் நான் நாலு தட்டு வைத்தேன். அத்தை எழுந்திருக்கப் பார்த்தாங்க. என் மகன் எட்டு வயசுப் பையன், கையைப் பிடிச்சுக்கிட்டான். "பாட்டி, எல்லாம் வந்தாச்சு. எடுத்துட்டு வர ஒண்ணுமே இல்ல. உட்காருங்க." அத்தை உட்கார்ந்தாங்க. ஸ்பூனால் ஒரு ஓரத்தை எடுத்துச் சாப்பிட்டாங்க. மெல்ல வேண்டிய அவசியமே இல்லை, வாயில் கரையுது. பாதித் தட்டு காலியான பிறகு மெதுவாச் சொன்னாங்க: "சூடா இருக்கும்மா."

நன்றாக இருக்கு என்று சொல்லவில்லை. சூடா இருக்கு என்று சொன்னாங்க. (சற்று நேரம் அமைதி, பிறகு கைதட்டல்)

(மணி அடிக்கப்படுகிறது.)

மணி அடிச்சிட்டீங்க, முடித்துவிடுகிறேன். அதன் பிறகு வாரத்தில் நாலு நாள் எங்கள் வீட்டில் இதுதான். மற்ற மூன்று நாள் இட்லி தோசைதான், யாரும் பயப்பட வேண்டாம். இட்லி எங்கேயும் ஓடிப்போகவில்லை. கூடவே மருத்துவர் சொன்னபடி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிற பயிற்சி, தினமும் பத்துப் பத்தாக மூன்று தடவை. என் மகன்தான் எண்ணுவான். ஓட்ஸ் மட்டும் தூக்கிவிட்டதுன்னு சொன்னா நான் பொய் சொன்னதாகும். சாப்பாடும் பயிற்சியும் சேர்ந்துதான் தூக்கிவிட்டது.

எதிரணி கேட்கலாம், "ஓட்ஸ் விலை கூடுதலாச்சே, ஏழை வீட்டில் என்ன செய்வது?" நியாயமான கேள்வி. பாதி ஓட்ஸுக்குப் பதில் அவல் போடுங்க. கடலையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்க. எதைப் போட்டீங்க என்பது இரண்டாவது. யார் யார் உட்கார்ந்தாங்க என்பதுதான் முதலாவது. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி மதுரையில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவுத் திட்டம் தொடங்கினார்கள். காலையில் வெறும் வயிற்றோடு பிள்ளை படிக்க முடியாது என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது. வீட்டுக்குள்ளேயே வெறும் வயிற்றோடு ஒருத்தி வேலை செய்துகொண்டிருப்பது நமக்குத் தெரிய வேண்டாமா?

இந்த மார்கழியில் எங்க அத்தை மறுபடியும் கோலம் போட்டாங்க. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். கோலம் முடிந்தது. கையை முழங்காலில் வைத்தாங்க. ஒரு தடவை மூச்சு வாங்கினாங்க. எழுந்துட்டாங்க. கோலத்தில் கை படவே இல்லை.

அதனால், தாயை உட்காரவைத்துச் சூடாகச் சாப்பிட வைக்கிற காலை உணவு எதுவோ, அதுவே இன்றைய குடும்பத்திற்கு ஏற்றது. அது புதுவகைச் சத்துணவே, புதுவகைச் சத்துணவே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு, நாளைக் காலையில் உங்க வீட்டு அடுப்படியில் கடைசியாக நிற்பவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள் என்று உங்களையும் கேட்டு அமர்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)